இரும்புக்கு வாய் கிடையாது

குற்றாலத்துச் சாரலைப் பற்றி எழுதுகிறவர்கள் எண்ணெயைப் பற்றி எழுதுவதில்லை. நான் அந்தப் பக்கத்து ஆள், மேலகரத்தில் வீடு. சீசன் காலத்தில் மேற்கே இருந்து காற்று திரும்பினால் மழைக்கு முன்னால் எங்களுக்கு வந்து சேருவது எண்ணெய் நெடிதான். நேந்திரங்காய் வறுக்கிற எண்ணெய். கொட்டகைகளில் ஊர் உலகத்து முதுகுகள் மேலெல்லாம் தேய்க்கிற எண்ணெய். அருவியில் எண்ணெயும் ஷாம்புவும் கூடாது என்று பலகை நிற்கிறது. பலகையின் காலடியிலேயே ஷாம்பு உறைகள் கிடக்கின்றன. பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் அசைகிறது. பார்க்க அழகுதான். தொட்டால் விரலை விடாது.

அந்தப் படலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

ஒரு சீசனில் அவரை அங்கே பார்த்தேன். கொட்டகையில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, அருவியை நோக்கி வந்துகொண்டிருந்தார். காது மடலிலிருந்து சொட்டியது. முழங்கையிலிருந்து சொட்டியது. வயிற்று மடிப்பில் தேங்கி, நடக்க நடக்க வழிந்தது. கல்படியில் ஒரு விநாடி நின்று தெரிந்தவர் யாரிடமோ பேசினார். பேசி முடித்து அடுத்த அடி எடுத்து வைத்தார், வழுக்கி உட்கார்ந்தார். ஈரச் சாக்கு மூட்டை விழுந்த சத்தம்.

மற்றவர்களாக இருந்தால் இடுப்பைப் பிடிப்பார்கள். அம்மா என்பார்கள். அவர் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார்.

“யாருலே இங்கன எண்ணெய ஊத்துனது?”

பக்கத்தில் கேரளாவிலிருந்து வந்த ஒரு ஒல்லி மனிதர், சட்டை கூடக் கழற்றாமல், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். விரல் அவர் பக்கம் நீண்டது.

“நீயா?”

“ஞானோ?” என்று அந்த மனிதர் பின்னால் நகர்ந்தார்.

நீட்டிய கையின் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கல்லின் மேல், அவர் கால் வைத்து வழுக்கிய அதே இடத்தில். நான் பார்த்தேன். அந்த மனிதரின் தோளில் இருந்த பிள்ளை கூடப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை.

தென்காசியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலை. எல்லோருக்கும் ‘சர்வீஸ் அண்ணாச்சி’. பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அவர் செய்த வேலையையே நானும் செய்ததாகிவிடும். அவன் என்று எழுதக் கை துடிக்கிறது. அண்ணாச்சி என்று பழகிய வாய் விடமாட்டேன் என்கிறது. அதனால் அவர்.

வெள்ளைச் சட்டை போடுவார். எண்ணெய் வேலைக்காரர் வெள்ளைச் சட்டை போடுகிறாரே என்று முதலில் ஒரு மரியாதை வந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் அடியில் படுப்பதே இல்லை. படுப்பவர்கள் வேறு. தோளில் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துணி கிடக்கும், துவைத்ததற்கான அடையாளமே இல்லாத துணி. அதிலேதான் எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியைத் துடைப்பார். அதிலேயே பிடரி வேர்வையைத் துடைப்பார். டீ குடித்துவிட்டு அதிலேயே வாயைத் துடைப்பார். என் அண்ணன் வீட்டில் வாழை இலை போட்டபோது, தெளித்த தண்ணீரை அதாலேயே ஒரு வழி வழித்துவிட்டுச் சோறு வாங்கினார். இலை மேல் ஒரு கறுப்புக் கோடு. அதன் மேல் சாம்பார். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

துணி கிடக்கட்டும். துணியைத் துவைத்துவிடலாம்.

ஒரு இயந்திரம் கெட்டுவிட்டது என்று கூப்பிட்டால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? இயந்திரத்தைத்தானே. அவர் வண்டியை விட்டு இறங்கியதும் அங்கே நிற்கிற மனிதர்களைப் பார்ப்பார். ஒவ்வொரு முகமாக, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி. பிறகு முதல் கேள்வி.

“யாரு ஓட்டுதா?”

எங்கே ஒழுகுகிறது, எப்போது ஒழுகுகிறது, சூடாக இருக்கும்போதா, குளிர்ந்திருக்கும்போதா என்பதெல்லாம் பின்னால்தான் வரும். சில நேரம் வரவே வராது. யாரு என்பதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். பசித்தவன் இலையைப் பார்த்தது போல. அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார்.

“இரும்புக்கு வாய் கிடையாது அண்ணாச்சி. வாய் உள்ளவனத்தான் விசாரிக்கணும்.”

கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். நானும் முதல் தடவை கேட்டபோது நல்ல வாசகம் என்று நினைத்தேன். நாக்கில் சுழற்றிப் பார்த்தேன். பிறகு அது என்ன செய்யும் என்று பார்த்தேன்.

அண்ணனோடு ஒரு வேலையாக ஷோரூம் பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போயிருந்தபோது, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் சின்ன டிராக்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. டீசலில் தண்ணீர். வடிகட்டியைக் கழற்றிக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றினதும் அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. சாரல் நாளில் பாதி காலியான கேன் கொட்டகையில் கிடந்தால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் கட்டும். அந்தக் கொட்டகையில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் அது.

அவர் சீசாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“வீட்டுல டீசல் கேன எடுத்து வைக்கது யாரு?”

புருஷன் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்தான். அவள், “நான் மூடித்தான் வச்சேன்” என்றாள். முடிப்பதற்குள் புருஷன் கை அவள் கன்னத்தில் விழுந்தது. கொட்டகை முழுக்க ஸ்பானர் சத்தம் நின்றுபோனது. அந்தப் பெண் அழவில்லை. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு டிராக்டரின் அந்தப் பக்கமாகப் போய் நின்றாள்.

அவர் சீசாவை வைத்தார், துணியில் கையைத் துடைத்தார்.

“இனி ஓடும்” என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அதில் ஒரு நிறைவு இருந்தது. ரிப்பேர் முடிந்துவிட்ட நிறைவு.

இப்படி ஆனவருக்குப் பின்னால் ஏதாவது காயம் இருக்கும், சின்ன வயதில் யாராவது அநியாயமாகப் பழி சுமத்தியிருப்பார்கள் என்று கதை எழுதுகிற புத்தி தேடத்தான் செய்தது. விசாரித்தேன். நல்ல அப்பா, நல்ல அம்மா. இருவரும் வயிறு நிறையச் சோறு போட்டு வளர்த்திருக்கிறார்கள். காரணம் இல்லாத அழுக்கும் உண்டு போலிருக்கிறது.

இனி எங்கள் வீட்டுக் கதை.

அண்ணன் புது டிராக்டர் எடுத்தான். கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். மதினிக்கு அது வண்டி இல்லை, வீட்டுக்கு வந்த ஆள். சீட்டைச் சுற்றி வந்த கண்ணாடித்தாளைக் கிழிக்க விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் குளித்த ஈரத்தலையோடு வந்து பொட்டு வைப்பாள். முன்னால் நெற்றியில் ஒன்று. இரண்டு விளக்குக்கும் ஒவ்வொன்று. ஸ்டியரிங் நடுவில் ஒன்று. கடைசியாக, சீட்டுக்கு முன்னால் கியர் பெட்டி மேல் காளான் மொட்டு மாதிரி ஒரு சின்ன மூடி துருத்திக்கொண்டிருக்குமே, அதற்கு. அது என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. உருண்டையாக, அடக்கமாக, மஞ்சளில் பிடித்த பிள்ளையார் போல இருந்தது. அதனால் அதற்கு மட்டும் கூடுதல் மரியாதை. சந்தனத்தைக் குழைத்துச் சுற்றிலும் அப்பி, குங்குமம் உதிராமல் நிற்க ஒரு சொட்டு நல்லெண்ணெயும் சேர்த்து, அழுத்தி வைப்பாள்.

வண்டி ஓட்ட கணேசன் வந்தான். முப்பதைத் தாண்டிய ஆள். ஊரில் யார் வயலை நடவுக்குச் சேறாக்கித் தொளி அடிக்க வேண்டுமென்றாலும் முதலில் அவனைத்தான் கேட்பார்கள். சேற்றில் சக்கரம் சுழலும்போது நெல்லுக்கு மெத்தை போடுவது போல ஓட்டுவான். காலையில் ஏறியதும் அந்தக் காளான் மொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பிறகுதான் சாவி.

ஆனி பிறந்து தொளி வேலை சூடு பிடித்த நாட்களில் கொட்டகைச் சிமெண்டுத் தரையில் ஒரு கறை தெரிந்தது. பின் சக்கரத்துக்கு உள்பக்கம், ஆக்சில் ஓரமாக. முதல் நாள் ஒரு கை அகலம். அப்புறம் அது வளர்ந்தது. புது வண்டி. அண்ணன் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அப்பன் முகத்தோடு கறையைத் தொட்டுத் தொட்டு மோந்து பார்த்தான். ஷோரூமுக்குப் போன் பறந்தது. அவர் வந்தார்.

அண்ணன், மதினி, நான், கணேசன். நான்கு முகத்தையும் பார்த்தார்.

“யாரு ஓட்டுதா?”

“நாந்தான் அண்ணாச்சி” என்றான் கணேசன்.

“ம்” என்றார். பிறகு அவனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘இவன்’ ஆகிவிட்டான்.

வேலை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. கறையைத் துடைத்தார், மோந்தார், கியர் எண்ணெய்தான் என்றார். சரி. “அக்கா, மூஞ்சிக்குப் போடுத பவுடர் இருந்தா கொண்டாங்க” என்றார். அதுவும் சரியான வழிதான். துடைத்த இரும்பு மேல் வெள்ளையாகத் தூவிவிட்டால், எண்ணெய் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று ஈரக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். மதினி டப்பாவையே கொண்டுவந்து கொடுத்தாள். ஆக்சில் முழுக்கத் தூவினார்.

“என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வாராகளா?” என்றான் கணேசன். மதினி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். ஒரு டீ குடித்தார். துணியில் வாயைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். பவுடர் அப்படியே இருந்தது, ஒரு சொட்டு இல்லை.

“பாத்தியளா? சும்மா நிக்கும்போது ஒழுகல. இவன் ஏறி ஓட்டுனா ஒழுகுது. அப்போ யாரு?”

கேட்க எவ்வளவு நேராக இருக்கிறது. பாம்பும் நேராகத்தான் வளைக்குள் போகும். அண்ணன் கணேசனைப் பார்த்தான். முதல் தடவையாக அந்த மாதிரி பார்த்தான்.

“ஒழுகுதது நானா அண்ணாச்சி, வண்டியா?” என்றான் கணேசன்.

“இந்த வாய்தான் வண்டியக் கெடுக்கு” என்றார் அவர்.

மறுநாள் வயலுக்குப் போய்த் திரும்பியபோது பவுடரில் கறுப்புக் கோடு இருந்தது. எண்ணெயைத் தடுக்க ஆக்சிலில் போட்டிருக்கிற சீல் என்ற ரப்பர் வளையத்திலிருந்து புறப்பட்டு, கண்மை அழிந்த முகம் மாதிரி வழிந்திருந்தது. சீலை மாற்றினார்கள். அந்த வாரமே மறுபடி ஒழுகியது. புது சீலையும் கெடுத்துவிட்டான் என்றார். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறான் என்றார். வரப்பில் மோதியிருக்கிறான் என்றார். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுகிறான் என்றார். ஒவ்வொரு காரணமும் இன்னொன்றை அடித்துக்கொன்றது. ஆனால் எல்லாவற்றின் முடிவிலும் ஒரே ஆள் நின்றான்.

இயந்திரத்தைத் தட்டிக்கொடுப்பார். “இது என்ன செய்யும், பாவம்” என்பார். ஒரு மனிதனைப் பார்த்து அவர் பாவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பேச்சு ஷோரூமோடு நிற்கவில்லை. கடைத்தெருவில் அவர் போகிற போக்கில் உதிர்த்த வார்த்தை, தேங்கிய தண்ணீரில் விழுந்த எண்ணெய்ச் சொட்டு போலப் பரந்தது. “புது வண்டியவே ஒழுக விட்டுட்டானாம்லா” என்று டீக்கடையில் சொன்னார்கள். தொளி முடியாத வயல்கள் ஊரைச் சுற்றிக் கிடந்தன. கணேசனைக் கூப்பிட ஆள் இல்லை. அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். ஓட்டுகிறவனிடம் சாவி கொடுக்கப் பயந்துவிட்டார்கள் என்றால் அவனுக்கு வேறென்ன மிச்சம்? அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான். மதினி மட்டும் வழக்கம் போலக் காப்பி கொடுத்தாள். ஆனால் டம்ளரை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விடுவாள்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். “இவன எம் முன்னால ஓட்டச் சொல்லுங்க. எங்கன தப்புன்னு கண்ணுக்கு நேரா காட்டுதேன். அதுக்கப்புறம் இவன் வேணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க.”

“சரி. நிரூபிச்சுட்டா நான் போயிருதேன்” என்றான் கணேசன்.

அன்றைக்கு லேசான சாரல். மலை பாதி தெரிந்தது, பாதி இல்லை. வயலுக்குப் பக்கத்துத் திட்டில் நாங்கள் நின்றோம். மதினி பிளாஸ்கோடு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் தலையில் ஈரத்துண்டு. வண்டிக்குக் காலையிலேயே புதுப் பொட்டு வைத்தாயிற்று. அவர் குடை பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு, பரீட்சை ஹாலில் நிற்கிற வாத்தியார் மாதிரி நின்றார்.

கணேசன் மொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஓட்டினான். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரியும். சேறு மடிந்து மடிந்து விழுந்தது. கொக்குகள் பின்னாலேயே நடந்தன. திருப்பத்தில் வண்டி முக்கவில்லை, முனகவில்லை. வயல் முழுவதும் முடிந்தது. வண்டி திட்டின் மேல் ஏறி நின்றது. ஆக்சில் ஓரத்திலிருந்து சொட்டு விழ ஆரம்பித்தது. அவர் குடையை மடக்கினார்.

“தப்புன்னு ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி நீங்க” என்றான் கணேசன் இறங்கி வந்து.

“இரு. மிதிக்க இடத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

சீட்டுக்கு ஏறினார். பிரேக்கை அமுக்கினார், கிளட்ச்சை அமுக்கினார். குனிந்து எதையோ தேடினார். நனைந்த செருப்பு வழுக்கியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினார். கை போய் விழுந்த இடம் அந்தக் காளான் மொட்டு. துணி சுற்றிய கையின் முழுக் கனமும் அதன் மேல். வாரக்கணக்கில் அப்பிய சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் புழுதியும் இறுகிச் சிமெண்டாகக் கிடந்த பொட்டு, ஒரு பக்கமாகப் பெயர்ந்தது.

உஸ்ஸ்ஸ் என்று வண்டி மூச்சுவிட்டது.

வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நெடுநேரம் வாய் பொத்தி வைக்கப்பட்ட ஒரு உயிர் மூச்சுவிடுகிற சத்தம். சூடான காற்று எண்ணெய்ப் பிசிறும் சந்தனமுமாக அவர் சட்டையில் தெறித்தது. கொக்குகள் எழுந்து பறந்தன. சொட்டு குறைந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. எங்களுக்கும் புரிய அதிக நேரமாகவில்லை. உழ உழக் கியர் பெட்டிக்குள் சூடு ஏறும், உள்ளே காற்று பெருக்கும். அது வெளியே போக வைத்த மூச்சுத் துளைக்கு மேல்மூடிதான் அந்த மொட்டு. நாங்கள் அதைச் சாமியாக்கி அடைத்துவிட்டோம். போக வழியில்லாத காற்று எண்ணெயை நெருக்கியது. எண்ணெய் இளைத்த இடமாகப் பார்த்துப் பிதுங்கியது. சும்மா நிற்கிற வண்டியில் சூடும் இல்லை, நெருக்கலும் இல்லை.

அவர் துணியை எடுத்தார். மொட்டைத் துடைத்தார். சட்டையைத் துடைத்தார். இறங்கினார்.

“சரியாயிட்டு அண்ணாச்சி. இனி ஒழுகாது” என்றார் அண்ணனிடம்.

நான் காத்திருந்தேன். அவருடைய கேள்விக்காக. வாழ்நாள் முழுக்க எல்லா இடத்திலும் முதலில் கேட்ட கேள்வி. வரவில்லை. துணியில் மஞ்சளும் சிவப்பும் அப்பிக்கிடந்தன. அதைப் பார்த்தால் யார் கை என்று கேட்கவே வேண்டாம். முதலாளி வீட்டம்மா ஈரத்துண்டோடு எதிரில் நிற்கிறாள்.

கணேசன்தான் கேட்டான். மெதுவாக, கிட்ட வந்து.

“யாரு, அண்ணாச்சி?”

“விடுலே. அதான் சரியாயிட்டுல்லா.”

“இல்ல, நீங்க எப்பமும் கேப்பியளே. யாரு?”

மதினி பிளாஸ்கைக் கீழே வைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“நாந்தான் கணேசா. நாந்தான் பொட்டு வச்சேன். அது மூச்சு விடுத ஓட்டைன்னு எனக்குத் தெரியாது.”

அங்கே முடிந்திருக்கலாம். ஒரு மனுஷி தானாக முன்வந்து சொல்லிவிட்டாள். அவன் மேல் கிடந்த பழி இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினார்.

“சேச்சே, என்னக்கா நீங்க! குங்குமம் மங்களமான பொருளு. அதால ஒண்ணும் வராது. நீங்க வைக்கது முறைதான். ஓட்டுதவன் என்ன செய்யணும்? அன்னன்னைக்கு ஏறும்போது அதத் தொடச்சுட்டுல்லா ஏறணும். யாரு தப்பு இது? இவன் தப்பு.”

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுச் சுமங்கலி வைத்த குங்குமத்தைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் ஒருவன் பழந்துணியால் அழித்திருந்தால் இந்த வீடு அவனை என்ன செய்திருக்கும்? அது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

“அநியாயமாப் பேசாதீங்க” என்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் ஆக்சிலைப் பார்த்தான். மதினியைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“ஆமா கணேசா. நீ கொஞ்சம் தொடச்சிருக்கலாம்.”

“ஏங்க!” என்றாள் மதினி. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

கணேசன் சிரித்தான். உண்மையாகவே வேடிக்கையான ஒன்றைக் கேட்டவன் சிரிப்பு. சாவியை எடுத்துச் சக்கரத்து மட்கார்டு மேல் வைத்தான். பிறகு பெயர்ந்து கிடந்த சந்தனத்தில் ஒரு விரலால் கொஞ்சம் வழித்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் பின்னால் நகர்ந்தார்.

“பயப்படாதிய. வைக்க மாட்டேன். இத்தனூண்டு ஓட்டைய அடச்சதுக்கே வண்டி இந்தப் பாடு பட்டுது. உங்க வாய அடச்சா, எங்கெங்கயெல்லாம் ஒழுகுமோ!”

விரலைத் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டான். “வாரேங்க்கா” என்று மதினியிடம் மட்டும் சொன்னான். சாரலில் வரப்பு மேல் நடந்து போனான். சேறு முழங்கால் வரை ஏறியிருந்தது. அதுதான் அங்கே இருந்தவற்றில் சுத்தமான பொருள் என்று எனக்குத் தோன்றியது.

கணேசன் திரும்ப வரவில்லை. மதினி அவன் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். உட்கார வைத்து, காப்பி கொடுத்து, பிள்ளைகள் படிப்பைப் பற்றியெல்லாம் பேசி, வாசல் வரை வந்து அனுப்பிவைத்திருக்கிறான். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. இப்போது செங்கோட்டையைத் தாண்டி அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் லோடு வண்டி ஓட்டுகிறான். அங்கே இந்தப் பேச்சு எட்டவில்லை.

அவரும் இப்போது அந்த ஷோரூமில் இல்லை. வேறு ஊரில் வேறு முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிராக்டர் ஒழுகவில்லை. மதினி இன்னும் வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறாள். நெற்றிக்கும் விளக்குக்கும். காளான் மொட்டை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டு, அதன் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறாள். கொட்டகைத் தரையில் அந்தக் கறை இருக்கிறது. சோடா உப்பு போட்டுத் தேய்த்தோம். மரத்தூள் கொட்டிப் பார்த்தோம். சிமெண்டு குடித்த எண்ணெய் போகாது.

போன வாரம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல். அடுக்களையில் சுர்ரென்று ஒரு சத்தம், கூடவே பால் கருகிய வாசனை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கவில்லை. தூக்காமலேயே, பழகிய குரலில், உள்ளே பார்த்துக் கேட்டான்.

“யாரு?”

எனக்கு முதுகுத்தண்டில் எண்ணெய் வழிந்தது போலிருந்தது. உள்ளே அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. துணியை எடுத்து மேடையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மதினியின் குரல்.

“யாரும் இல்ல. பால் பொங்கிட்டு. அம்புட்டுதான்.”